48 வயதில் காமிரா பிடித்த அம்மையார்

இங்கிலாந்துக்குத் தெற்கே வைட் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அதில் பிரஷ்வாட்டர் என்பது ஒரு கடற்கரைக் கிராமம். 1864-ம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கிராமத்தில், ஒரு வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் திடீரென்று விடுதலை கிடைத்தது!

வீட்டை ஒட்டிக் கண்ணாடி போட்ட கோழிக் கொட்டகை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்கார அம்மாள். கோழிகளை வெளியே விரட்டினார்கள். (அவற்றை யாரும் கறி சமைத்துவிடவில்லை என்று நம்புவதாக அந்த அம்மாளே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.) நிலக்கரி கொட்டி வைக்கும் அறையும் காலியாயிற்று. கோழிக் கொட்டகை, போட்டோ பிடிக்கும் கூடம் ஆயிற்று. கரி அறை, போட்டோ கழுவும் இருட்டறை ஆயிற்று.

அந்த அம்மாளுக்கு அப்போது வயது 48. ஆறு குழந்தைகளைப் பெற்றவர். காமிராவை எங்கே வைப்பது, எதிரில் இருப்பவர் முகத்தை எப்படிச் சரியாகத் தெரியச் செய்வது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஆனால் இன்று டார்வின் என்றால், டென்னிசன் என்றால், நம் மனக்கண் முன் வந்து நிற்கும் முகங்களில் பல அந்தக் கோழிக் கொட்டகைக்காரர் எடுத்தவைதான்.

அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரான். காமிரா பிடித்ததால் வந்த பெயர் என்று நினைக்க வேண்டாம். அது அவருடைய கணவர் வீட்டுப் பெயர். காமிரா அவர் கைக்கு வருவதற்கு 25 ஆண்டு முன்பே கேமரான் ஆகிவிட்டார்!

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா அம்மையார் நம் நாட்டில் பிறந்தவர். 1815-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி, கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். தாயார் பிரெஞ்சு வம்சம். தாயாரைப் பெற்றவர்கள் புதுச்சேரியில் வாழ்ந்தவர்கள்.

பாட்டில் வீட்டில் வளர்ந்த பெண்கள் ஏழு பேர். அழகுக்குப் பேர் போனவர்கள். கல்கத்தாவிலும் லண்டனிலும் அவர்களைப் பற்றிப் பேசாத பெரிய வீடு கிடையாது. ஆனால் அந்த ஏழு பேரில் அழகி என்று யாரும் சொல்லாத ஒருத்தி ஜூலியா. குள்ளம், பருமன், அகன்ற முகம். பிற்காலத்தில் அழகான முகத்தைக் கண்டால் தெருவிலேயே மறித்து நிறுத்தி வீட்டுக்கு இழுத்துப் போனது இந்தப் பெண்தான்.

படிப்பெல்லாம் பிரான்ஸ் நாட்டில். பிறகு இந்தியா திரும்பினார். உடல்நலம் கெட்டது. காற்று மாற்றத்துக்காகத் தென் ஆப்பிரிக்காவில் உள்ள நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அது 1836-ம் ஆண்டு. அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். இரண்டு பேரும் அவர் வாழ்க்கையை மாற்றினார்கள்.

ஒருவர், சர் ஜான் ஹெர்ஷல். பெரிய வான சாஸ்திரி. தெற்கு வானத்து நட்சத்திரங்களை ஆராய்வதற்காக அங்கே வந்து தங்கியிருந்தார். போட்டோவில் விழுந்த உருவம் அழியாமல் நிற்பதற்கு 'ஹைப்போ' என்ற மருந்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் அவர்தான். போட்டோக் கலை பிறந்த சில ஆண்டுகளிலேயே அதைப் பற்றி ஜூலியாவுக்குக் கடிதம் எழுதி, மாதிரிப் படங்களும் அனுப்பி வைத்தார்.

மற்றொருவர், சார்லஸ் ஹே கேமரான். சட்ட நிபுணர். மெக்காலேயுடன் சட்டக் கமிஷனில் இருந்தவர். இந்தியன் பீனல் கோடின் முதல் நகலை எழுதியவர்களில் ஒருவர். ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பத்து ஆண்டு கழித்துக் குடும்பம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. கணவர் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வாங்கியிருந்தார். அந்த வருமானத்தை நம்பித்தான் வாழ்க்கை. 1860-ல் பிரஷ்வாட்டரில் வீடு வாங்கினார்கள். இலங்கையில் இருந்த தோட்டத்தின் நினைவாக அந்த வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் டென்னிசன்!

மகள் கொடுத்த பரிசு

1863-ம் ஆண்டு கடைசி. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம். பெரிய வீட்டில் தாயார் தனியாக இருக்கிறாரே என்று கவலைப்பட்டாள் கல்யாணமாகிப் போன மகள். அவளும் மருமகனும் சேர்ந்து ஒரு காமிராவை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம்.

அந்தக் காலத்துக் காமிரா கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற சாமான் அல்ல. ஒரு பெரிய மரப் பெட்டி. முன்னால் பித்தளைக் குழாயில் லென்ஸ். பிலிம் சுருள் கிடையாது. கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிக்க வேண்டும். அம்மையாரின் முதல் காமிராவில் போட வேண்டிய கண்ணாடி ஏறக்குறைய 11 அங்குல நீளம், 9 அங்குல அகலம்.

படம் பிடிப்பது பெரிய சமையல் மாதிரி. முதலில் கண்ணாடியைத் துளி அழுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை அதன் மேல் ஊற்றி, எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும்படி சாய்த்துச் சாய்த்துக் காட்ட வேண்டும். தோசை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். ஓரிடத்தில் தடித்தால் போயிற்று! பிறகு இருட்டறையில் வெள்ளி உப்புக் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு ஓடி காமிராவில் மாட்ட வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, மறுபடி இருட்டறைக்கு ஓடி மருந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் எல்லாம் வீண். பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பாத்திரம் பாத்திரமாகக் கொட்டிக் கழுவ வேண்டும்.

மருந்துகளில் ஒன்று பொட்டாசியம் சயனைடு. கொடிய விஷம்! ஜாக்கிரதையாக இருக்கும்படி ஹெர்ஷல் கடிதம் எழுதி எச்சரித்தார். வெள்ளி உப்பு பட்ட இடமெல்லாம் கறுத்துப் போகும். அம்மையாரின் விரல்கள் கறுத்தன. உடைகள் கறுத்தன. படம் நன்றாக வந்துவிட்டால் அவருக்குச் சந்தோஷம் தாங்காது. ஈரம் சொட்டும் கண்ணாடியோடு சாப்பாட்டு அறைக்கே ஓடி வந்து கணவரிடம் காட்டுவார். எத்தனையோ மேஜை விரிப்புகள் அப்படிப் பாழாயின. கணவரோ ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு படத்தையும் கைதட்டி வரவேற்பார். வேறு வீடாக இருந்தால் தன்னைத் துரத்தியிருப்பார்கள் என்று அம்மையாரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதல் வெற்றி

முதலில் உள்ளூர் விவசாயி ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தார். மணிக்கு இரண்டரை ஷில்லிங் கூலி. பல மணி நேரம் போயிற்று. பல இரண்டரை ஷில்லிங்கும் போயிற்று. கடைசியில் ஒரு படம் விழுந்தது. அதைப் பெருமையோடு தூக்கிப் பிடித்தார். கை தவறி மருந்துப் பக்கத்தில் உராய்ந்தது. படம் அழிந்தது!

பிறகு குழந்தைகளை வைத்து எடுத்தார். பாதி நேரத்தில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்துவிட்டது. அதுவும் போயிற்று. கடைசியில் ஆனி பில்பாட் என்ற சிறுமியை மட்டும் தனியாக உட்கார வைத்தார். நீ அசைந்தால் இந்தப் பாவப்பட்ட அம்மாளின் மருந்தும் உழைப்பும் வீணாகிவிடும் என்று அவள் மனம் இரங்கும்படி கெஞ்சினார். அவள் அசையவே இல்லை.

படம் விழுந்தது. தலை சற்றுத் திரும்பி இருக்கிறது. கோட்டுப் பித்தான் கழுத்து வரை போட்டிருக்கிறது. தலைமயிர் கலைந்து கிடக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறுமி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்ப்பவர்களைக் கேட்க வைக்கிற படம் அது. வீடு முழுவதும் ஓடி அந்தக் குழந்தைக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று தேடினார் அம்மையார். அன்றே படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, சட்டம் போட்டு, சிறுமியின் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டார். அது 1864 ஜனவரி கடைசி. தன் முதல் வெற்றி என்று அந்தப் படத்தின் மேல் எழுதி வைத்தார்.

எது சரியான படம்?

அப்போது லண்டனில் மூலைக்கு மூலை போட்டோக் கடைகள் இருந்தன. நல்ல லென்ஸ், நல்ல மருந்து, தேர்ந்த ஆட்கள். போட்டோ எடுக்க வருகிறவரை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். பின்னால் வண்ணத் திரை தொங்கும். தலை அசையாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவையை முட்டுக் கொடுப்பார்கள். தலை முதல் கால் வரை படம் விழும். கோட்டின் பித்தான், சங்கிலியின் கண்ணி, தரைவிரிப்பின் பூ, எல்லாம் எண்ணிவிடலாம். முகம் மட்டும் மரப்பாச்சி மாதிரி இருக்கும்.

அம்மையார் தூணையும் திரையையும் தொடவில்லை. இரும்புக் கவையும் அவருக்குப் பிடிக்காது. காமிராவை ஆளுக்கு மிகவும் பக்கத்தில் கொண்டு போனார். கண்ணாடித் தகடு முழுவதும் ஒரே முகம். கறுப்புத் துணியைப் போர்த்தி உடையை மறைத்தார். கண்ணாடிக் கூடம் முழுவதும் வெளிச்சம் இருந்தாலும் திரைகளை இழுத்து இருட்டாக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்படி செய்தார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பெரிய தகடு, பக்கத்தில் காமிரா, மங்கிய வெளிச்சம். அதனால் படம் விழ நேரம் பிடிக்கும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், சில சமயம் ஏழு நிமிடம்கூட ஆகும். அவ்வளவு நேரம் யார்தான் ஆடாமல் இருக்க முடியும்? மேலும் அத்தனை பக்கத்தில் வைத்தால் கண் தெளிவாக இருக்கும்போது காது மங்கிவிடும். மூக்கு தெளிந்தால் தாடி கலங்கிவிடும். அவருடைய லென்ஸின் குணம் அப்படி.

மற்றவர்கள் லென்ஸைத் திருகிக்கொண்டே போவார்கள், எல்லாம் கத்தி முனை மாதிரி தெளிவாகத் தெரியும் வரை. அம்மையார் அப்படிச் செய்யவில்லை. திருகிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் அழகாகத் தோன்றுகிறதோ, அங்கேயே கையை எடுத்துவிடுவார். முதலில் அது தற்செயலாக நேர்ந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அதையே தன் வழியாக வைத்துக்கொண்டார்.

போட்டோ நிபுணர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர் 1864-லேயே லண்டன் போட்டோ சங்கத்தில் சேர்ந்து கண்காட்சிக்குப் படம் அனுப்பினார். சங்கத்தின் பத்திரிகை அவரைக் கடுமையாகத் தாக்கியது. கலங்கல் படம், விரல் ரேகை, தூசிப் புள்ளி, மருந்து வழிந்த கறை, இதெல்லாம் கலையா என்று கேட்டார்கள். நல்ல ரசனை இருக்கலாம், தொழில் தெரியவில்லை என்றார்கள். ஆலிஸ் கதை எழுதிப் புகழ் பெற்ற லூயிஸ் கரோல் ஒரு தேர்ந்த போட்டோக்காரர். அவருக்கும் இந்தக் கலங்கல் பிடிக்கவில்லை. அந்தக் கதைக்குக் காரணமான ஆலிஸ் லிடல், வளர்ந்து பெரியவளான பிறகு, 1872-ல் கேமரான் அம்மையாரின் காமிரா முன்னால் வந்து நின்றாள். அதே பெண்ணைச் சிறு வயதில் கரோலும் படம் எடுத்திருக்கிறார். இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வேடிக்கை.

ஓவியர்கள் பக்கம் வேறு கதை. வாட்ஸ் என்ற பெரிய ஓவியர் அவரை மனமாரப் புகழ்ந்தார். லண்டனில் சவுத் கென்சிங்டன் மியூசியம் 1865-ல் அவருடைய படங்களை விலை கொடுத்து வாங்கியது. 1868-ல் மியூசியத்திலேயே இரண்டு அறைகளைப் படம் பிடிப்பதற்காக ஒதுக்கித் தந்தது. ஜெர்மனியில் பெர்லின் கண்காட்சி 1865-ல் வெண்கலப் பதக்கமும் 1866-ல் தங்கப் பதக்கமும் கொடுத்தது.

1866-ல் இன்னும் பெரிய காமிரா வாங்கினார். 15 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம் உள்ள கண்ணாடி. லென்ஸும் புதிய, சிறந்த லென்ஸ். இனிமேலாவது தெளிவாக எடுப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முகம் இன்னும் பெரிதாயிற்று. மென்மையான கலங்கல் அப்படியே இருந்தது! பழைய கருவியின் குற்றம் என்று சொன்னவர்கள் அதற்குப் பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

கவிஞரும் விஞ்ஞானியும்

அவருடைய படங்களில் தலை சிறந்தது எது என்று கேட்டால், ஹெர்ஷலின் படத்தைத்தான் சொல்ல வேண்டும். 30 ஆண்டு நண்பர். போட்டோ என்ற கலையையே தனக்கு அறிமுகப்படுத்திய ஆசான். 1867-ல் காமிரா, கண்ணாடி, மருந்துச் சீசாக்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கெண்ட் மாவட்டத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கே போனார். ஹெர்ஷலுக்கு வயது 75. தலையைக் கழுவி நரைமயிரைக் கலைத்துவிடச் செய்தார். தோளில் கறுப்புத் துணி போர்த்தினார். படத்தில் வேறு ஒன்றும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் முகம், ஒளி வீசும் வெள்ளை முடி, நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்த இரண்டு கண்கள். அவ்வளவுதான். வான சாஸ்திரி என்பதைக் காட்ட ஒரு தூரதரிசனிக் கண்ணாடியைக் கையில் கொடுத்திருப்பார் கடைக்காரப் போட்டோக்காரர்!

கார்லைல் என்ற சரித்திர ஆசிரியரின் படம் அதே ஆண்டில் எடுத்தது. மிகவும் கலங்கிய படம். கல்லில் செதுக்கி முடிக்காத தலை மாதிரி இருக்கும். அழகாக இல்லை, ஆனால் தன்னைப் போலத்தான் இருக்கிறது என்று கார்லைலே ஒப்புக்கொண்டார்.

டார்வின் 1868-ல் குடும்பத்தோடு பிரஷ்வாட்டருக்கு வந்து தங்கினார். அவரையும் விடவில்லை அம்மையார். தன்னை எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இதுவே தனக்குப் பிடித்தது என்று டார்வின் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அமெரிக்கக் கவிஞர் லாங்பெலோவை டென்னிசனே அழைத்து வந்து ஒப்படைத்தார். அம்மையார் என்ன சொன்னாலும் கேட்டாக வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அது அனுபவப்பட்டவர் பேச்சு. டென்னிசன் எத்தனையோ முறை அந்தக் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்து எழுந்தவர்.

பிச்சைக்காரச் சிறுமி சீமாட்டி ஆனாள்

பெரிய மனிதர்கள் முகம் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்று எண்ணக் கூடாது. அவர் மிக அதிகமாக எடுத்த முகங்களில் ஒன்று வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியருடையது. தீவில் பிறந்த ஏழைப் பெண். தரை துடைத்துக்கொண்டிருப்பவளைக் கூப்பிட்டுத் துணி போர்த்தி உட்கார வைத்தால், ஏசுநாதரின் தாயார் போலவே இருப்பாள். ஊர்க்காரர்கள் அவளை மாதா மேரி என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு மேரி இருந்தாள். மேரி ரயான். அவள் கதை சினிமாக் கதையைத் தோற்கடிக்கும். லண்டனை அடுத்த பட்னி என்ற ஊரின் வெளியில் ஓர் ஐரிஷ் ஏழைப் பெண் தன் மகளோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். சிறுமியின் முகத்தைப் பார்த்த அம்மையார் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அப்போது அவர் காமிராவைத் தொட்டதுகூட இல்லை. சிறுமிக்குப் படிப்புச் சொல்லி வைத்தார். வளர்ந்தபின் அவள் வீட்டு வேலையும் பார்த்தாள், படங்களுக்கும் உட்கார்ந்தாள்.

1865-ல் லண்டனில் அம்மையாரின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதைப் பார்க்க ஹென்றி காட்டன் என்ற இளைஞர் வந்தார். சிவில் சர்வீசில் சேர்ந்து இந்தியாவுக்குப் போக இருந்தவர். படத்தில் இருந்த மேரியின் முகம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. 1867-ல் அம்மையாரிடம் வந்து பெண் கேட்டார். அந்த ஆண்டே பிரஷ்வாட்டரில் கல்யாணம்! மணமகனையும் மணமகளையும் ரோமியோ ஜூலியட்டாக நிற்க வைத்து ஒரு படமும் எடுத்துவிட்டார் அம்மையார்.

அந்த ஹென்றி காட்டன் பின்னால் அஸ்ஸாமின் சீப் கமிஷனர் ஆனார். சர் பட்டம் பெற்றார். இந்தியர்களுக்காகப் பேசிய வெள்ளைக்காரர். 1904-ல் பம்பாயில் கூடிய இந்தியன் நேஷனல் காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. பட்னி வெளியில் கை நீட்டி நின்ற சிறுமி, சீமாட்டி காட்டன் ஆனாள்.

வெடித்த கண்ணாடிகள்

அம்மையார் செய்ததெல்லாம் சரி என்று சாதிக்க முடியாது. முகம் மென்மையாகத் தெரிவது வேறு. கண்ணாடியில் கறை படிவது வேறு. முன்னது அவர் கண் தேர்ந்தெடுத்தது. பின்னது அவர் கை அவசரம். மருந்தைச் சரியாகக் கழுவாததாலோ, கடற்காற்றின் ஈரத்தாலோ, அவருடைய கண்ணாடித் தகடுகளின் மேல்பூச்சு வலைவலையாக வெடிக்கத் தொடங்கிற்று. அருமையான படங்கள் கண்ணெதிரே பாழாயின. 1869-ல் அந்தக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு போட்டோ சங்கத்தின் கூட்டத்துக்கே போனார். தன்னைக் கேலி செய்தவர்களிடமே போய் இதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டார். அதற்கு மனோதைரியம் வேண்டும். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெடித்தவை ஒட்டவில்லை.

வீட்டிலும் வெடிப்பு கண்டிருந்தது. காப்பித் தோட்ட வருமானம் குறைந்துகொண்டே வந்தது. அதே 1869-ல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. மருந்து, கண்ணாடி, காகிதம் எல்லாவற்றுக்கும் செலவோ ஏறிக்கொண்டே போனது. படங்களை விற்றுக் குடும்பத்துக்குக் கைகொடுக்கலாம் என்று அம்மையார் படாத பாடு பட்டார். படங்களைப் பதிவு செய்து உரிமை வாங்கினார். பெரியவர்களின் கையெழுத்தைப் படத்தின் அடியில் வாங்கினால் விலை கூடும் என்று டென்னிசனைக் கையெழுத்துப் போட வைத்தே களைக்கச் செய்தார். எடுத்த படங்கள் சுமார் 900. கடன் தீரவில்லை. அதற்கு ஒரு காரணம், விற்றதைவிட அவர் சும்மா கொடுத்ததே அதிகம் என்பதாக இருக்கலாம்.

1874-ல் டென்னிசன் தன் ஆர்தர் ராஜா கதைப் பாட்டுகளுக்குப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். அம்மையார் பெருமுயற்சி செய்தார். கணவரே மெர்லின் என்ற மந்திரவாதி வேடம் போட்டார். அவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து பல கண்ணாடிகள் வீணாயின என்று சொல்வதுண்டு. ஆர்தர் ராஜா ஏரியில் படகில் போகும் காட்சிக்கு வெள்ளைத் துணியை விரித்துத் தண்ணீராக்கினார். நிலாவைக் கண்ணாடியில் கீறி வரைந்தார். உண்மையைச் சொன்னால், இந்தக் காட்சிப் படங்களில் சில இன்று பார்க்கச் சிரிப்பு மூட்டும். முகத்துக்கு மிக அருகில் போனபோது அவரிடம் இருந்த சக்தி, நாடகம் கட்டும்போது இல்லை.

சவப்பெட்டியில் பீங்கான்

1875-ல் குடும்பம் இலங்கைக்குப் புறப்பட்டது. அங்கே பிள்ளைகள் இருந்தார்கள், செலவும் குறைவு. கப்பல் ஏறும்போது சாமான்களோடு ஒரு பசு மாடும் இரண்டு சவப்பெட்டிகளும் இருந்தன! திரும்பி வருவோமோ மாட்டோமோ என்ற முன்யோசனை. அதுவரை வீணாக இருப்பானேன் என்று சவப்பெட்டிகளில் பீங்கான் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுக்கு இனாம் கொடுக்கச் சில்லறை இல்லை. ஆளுக்கொரு படத்தைக் கொடுத்தார் அம்மையார். அவர்கள் அன்று முகம் சுளித்திருப்பார்கள். அந்தப் படங்கள் இன்று இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு சொத்து.

இலங்கையில் களுத்துறையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. வெயிலில் கண்ணாடியின் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். படம் பிடிப்பது குறைந்தது. இலங்கையில் எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை 30-க்கும் குறைவு. ஆனால் கண் மட்டும் மாறவில்லை. மேரியன் நார்த் என்ற ஓவியப் பெண்மணி 1877-ல் அங்கே வந்தபோது, கொளுத்துகிற வெயிலில் கம்பளிச் சால்வையைப் போர்த்தி அவரை நிற்க வைத்துவிட்டார்! அந்த ஊர் ஆள் ஒருவரின் முதுகழகைப் பார்த்து வியந்து, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்தார் என்றும் நார்த் எழுதியிருக்கிறார். அம்மையார் வீட்டில் தோட்டமே இல்லை!

அங்கே அவர் கூலி வேலைக்காரர்களையும் கிராமத்து ஜனங்களையும் எடுத்தார். களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் மூன்று பேர் நேராகப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஹெர்ஷலின் முகத்துக்குக் கொடுத்த கவனத்தை அந்த முகங்களுக்கும் கொடுத்திருக்கிறார். ஆனால் ஹெர்ஷல் படத்தின் அடியில் பெயர் இருக்கிறது. இவர்கள் படத்துக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்பதுதான் தலைப்பு. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

1878-ல் ஒரு முறை இங்கிலாந்து போய்த் திரும்பினார். மறு ஆண்டு ஜனவரி மாதம், மலைநாட்டில் டிக்கோயா பள்ளத்தாக்கில் மகனுடைய தோட்டத்து வீட்டில் நோயாகப் படுத்தார். 1879 ஜனவரி 26-ந் தேதி இறந்தார். வயது 63. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வானத்தின் அழகை வியந்தபடியே கண்ணை மூடினார் என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் மலைப்பாதை வழியாக உடல் போயிற்று. பொகவந்தலாவையில் ஒரு சிறிய மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டில் கணவரும் வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். 1926-ல் ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா உல்ப் அவருடைய படங்களைச் சேர்த்து ஒரு புத்தகம் கொண்டு வந்தார். உல்பின் தாயார் அம்மையாரின் சகோதரி மகள். அந்தத் தாயாரின் இளவயது முகமும் அம்மையாரின் காமிராவில் விழுந்த முகமே. 1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிரஷ்வாட்டர் வீட்டை இடிக்க இருந்தார்கள். நல்ல மனம் படைத்தவர்கள் சேர்ந்து தடுத்து அதை மியூசியமாக்கினார்கள். சவுத் கென்சிங்டன் மியூசியம் இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயரோடு இருக்கிறது. அவர் பிறந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி 2015-ல் அங்கே பெரிய கண்காட்சி நடந்தது. வெடித்த கண்ணாடியிலிருந்து அச்செடுத்த படங்களையும், விரல் ரேகை பதிந்த படங்களையும் அவர்கள் ஒதுக்கி வைக்கவில்லை.

பொகவந்தலாவையில் காப்பி நோய்க்கு இரையாகி மறைந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. கேமரான் தம்பதியின் கல்லறையைச் சுற்றி இன்று மலைச்சரிவெல்லாம் தேயிலைச் செடிகள்தான்.